10 மீற்றர் கேபிளும் பழைய ரிசீவரும்: வெள்ளவத்தை வீடொன்றின் இணைப்புகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் வசிக்கும் குடும்பமொன்று, தாம் புதிதாக வாங்கிய 55 அங்குல 4கே தொலைக்காட்சிப் பெட்டி பழுதானது என்றே முடிவு செய்திருந்தது. பேரன் கேம் கொன்சோலில் விளையாடிக்கொண்டிருக்கும்போது திரை சில செக்கன்கள் முற்றாகக் கறுத்து மீளும். கருவிகளின் படத்தையும் சத்தத்தையும் வாங்கித் தொலைக்காட்சிக்கும் ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் ரிசீவர் என்னும் பெட்டியோடு ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் இருந்தும் படம் பார்க்கையில் முன்னால் உள்ள இரண்டில் மட்டுமே சத்தம் வரும். செய்தி வாசிப்பவரின் உதடு அசையுமுன்னரே குரல் கேட்கும். அந்தக் குரலுக்கு அடியில் ஓயாத இரைச்சலொன்றும் ஓடிக்கொண்டிருக்கும். மகனின் கலியாண டிவிடி படத்தையே காட்டாது. ஓய்வுபெற்ற ஆசிரியரான வீட்டுக்காரர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, ரீவியைத் திருப்பிக் குடுக்கிறதோ, இல்லாட்டி அந்த ரிசீவரை மாத்திறதோ? ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ."

இரண்டுமே தேவைப்படவில்லை. அந்த வீட்டில் பழுதான கருவி ஒன்றுகூட இருக்கவில்லை. கருவிகளை இணைத்த பாதைகளும், அந்தப் பாதைகளில் போடப்பட்டிருந்த கேபிள்களும் அவற்றின் மேல் சுமத்தப்பட்ட வேலைக்குப் பொருந்தாமல் இருந்தன. முனையின் வடிவம் பொருந்தினால் கேபிள் சரி என்று எண்ணுவதே இவ்வகைக் குறைகளின் வேர் என்று நான் கருதுகிறேன். படத்தையும் சத்தத்தையும் ஒரே கேபிளில் கொண்டுசெல்லும் எச்.டி.எம்.ஐ. இணைப்பில், முனையின் 19 தொடுகைகளும் அதன் வடிவமும் 2002 டிசம்பரில் முதற்பதிப்பு வெளிவந்த நாளிலிருந்து மாறவில்லை. ஆனால் அதன் வழியே செல்லக்கூடிய தரவின் அளவு முதற்பதிப்பில் செக்கனுக்கு 4.95 கிகாபிட்டாக இருந்து, 2013இன் 2.0 பதிப்பில் 18 ஆகவும், 2017இன் 2.1 பதிப்பில் 48 ஆகவும் உயர்ந்திருக்கிறது. எனவே கைக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கேபிள்களுக்கு இடையில் பத்து மடங்கு வேறுபாடு இருக்க இடமுண்டு.

இந்த வீட்டின் கதையை விரிவாக எழுதுவதற்கு இன்னுமொரு காரணமும் உண்டு. 2022இல் டொலரொன்றின் விலை 200 ரூபாய் அளவிலிருந்து சில வாரங்களுக்குள் 360 ரூபாயை எட்டிய பின்னர், ஏ.வி. ரிசீவர் போன்றதொரு பொருளை மாற்றுவது இந்த ஊரின் நடுத்தரக் குடும்பங்களுக்கு இலேசான காரியமல்ல. நல்ல நிலையில் இயங்கும் ஒரு கருவியை, கேபிளின் குற்றத்துக்காக ஒதுக்கிவிடுவது எனக்குப் பொறுக்க முடியாத வீணடிப்பாகவே படுகிறது.

இருந்த அமைப்பு

தொலைக்காட்சி கூடத்தின் கடற்பக்கச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. ரிசீவரும் கேம் கொன்சோலும், மகன் அனுப்பிய ஸ்ட்ரீமிங் பெட்டியும் எதிர்ச்சுவரோரம் உள்ள கண்ணாடி அலுமாரியில் இருந்தன. ரிசீவர் 2012ஆம் ஆண்டுத் தயாரிப்பு, எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்பைச் சேர்ந்தது. மகன் இங்கிலாந்தில் வாங்கி அனுப்பியதால் பின்புறத் தகட்டில் 230 வோல்ற்று என்றே இருந்தது. அதன் சதுர முள் 13 அம்பியர் பிளக்கும் சுவரிலுள்ள சொக்கெட்டுக்கு நேராகப் பொருந்தியது. கனடாவிலிருந்து வந்திருந்தால் 120 வோல்ற்றுக் கருவியாக இருந்திருக்கும். அப்படிப்பட்டதை மின்மாற்றி இல்லாமல் நம் மின்சாரத்தில் செருகினால் அது எரிந்துபோகும். வெளிநாட்டுப் பொருளின் பின்தகட்டை முதலில் வாசித்துவிட்டே மற்றதெல்லாம் என்பது இதனால்தான்.

ரிசீவரிலிருந்து தொலைக்காட்சிக்கு ஏறத்தாழ 10 மீற்றர் நீளமான எச்.டி.எம்.ஐ. கேபிளொன்று, முன்னைய ஃபுல் எச்.டி. தொலைக்காட்சி மாட்டப்பட்ட காலத்தில் சுவருக்குள் வைத்துப் பூசப்பட்டிருந்தது. குழாய் எதுவும் போடாமல் நேரடியாகவே சாந்துக்குள் புதைத்திருந்தார்கள். தொலைக்காட்சிக்குக் கீழே, யன்னலோரமாக, செய்மதி டிஷ்ஷிலிருந்து கோஅக்ஸ் கேபிள் இறங்கும் இடத்தில் செட்டொப் பெட்டியும் அதனருகே டிவிடி பிளேயரும் இருந்தன. செட்டொப் பெட்டியின் படம் சிறிய எச்.டி.எம்.ஐ. கேபிளொன்றினால் தொலைக்காட்சிக்கும், அதன் சத்தம் வெள்ளை, சிவப்பு ஆர்.சி.ஏ. முனைகள் கொண்ட நீண்ட கேபிளொன்றினால் சுவரோரமாகச் சென்று ரிசீவருக்கும் போயின. தொலைக்காட்சியின் சொந்தச் செயலிகளின் சத்தத்துக்காக அதை ஒளியாகக் கடத்தும் ஒப்டிகல் கேபிளொன்று கம்பளத்துக்கு அடியால் ரிசீவர்வரை போடப்பட்டிருந்தது.

இவ்வளவையும் ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு கருவியிலிருந்தும் படம் எவ்வழியாகத் திரையை அடைகிறது, சத்தம் எவ்வழியாக ஸ்பீக்கரை அடைகிறது என்று அம்புக்குறியிட்ட பின்னரே எந்த முனையையும் கழற்றினேன். பின்புறத்தில் ஏழெட்டுக் கேபிள்கள் பின்னிக் கிடக்கும் வீட்டில், வரையாமல் கழற்றத் தொடங்கினால் முதலில் அழிவது தடயந்தான்.

கறுத்து மீளும் திரை

குடும்பத்தினர் ஏற்கெனவே ஒரு சோதனை செய்திருந்தனர். கொன்சோல் ரிசீவரின் ஊடாக இணைக்கப்பட்டிருந்தபோது தொலைக்காட்சி 4கே என்று காட்டினாலும் அசைவுகள் விட்டுவிட்டே வந்தன. இடையிடையே வெண்புள்ளிகளும் மின்னின. பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர், ரிசீவர் பழையது என்று சரியாகவே ஊகித்து, அதை விலக்கிவிட்டுக் கொன்சோலை நேரடியாகச் சுவர்க் கேபிளில் செருகினார். அதன் பின்னரே திரை கறுக்கத் தொடங்கியது. ரிசீவரை விலக்கியும் நிலைமை மோசமானதால், மிச்சமிருக்கும் தொலைக்காட்சிதான் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது.

அந்தத் தர்க்கத்தில் ஓட்டை ஒன்றுண்டு. பாதையில் ஒரே நேரத்தில் இரண்டு தடைகள் இருக்கலாம். சிறிய தடை பெரிய தடையை மறைத்து வைத்திருக்கவும் கூடும். 1.4 பதிப்பு ரிசீவர் 4கே படத்தைச் செக்கனுக்கு 30 சட்டகங்களுக்கு, அதாவது 30 தனிப்படங்களுக்கு, மேல் கடத்தாது. அந்த 30 சட்டகப் படத்துக்குத் தேவை செக்கனுக்கு 8.91 கிகாபிட். ரிசீவர் வழியில் இருந்தவரை சுவர்க் கேபிளிடம் கேட்கப்பட்டது அவ்வளவே. ரிசீவரை விலக்கியதும் கொன்சோலும் தொலைக்காட்சியும் தங்களுக்குள் பேசிக்கொண்டு 60 சட்டகங்களுக்கு ஏறின. முழு நிற விவரத்துடன் கூடிய அந்தப் படத்துக்கு 17.82 கிகாபிட் தேவை. சுமை இருமடங்கானது, கேபிள் மடிந்தது.

இதை ஊகமாக விட்டுவிடாமல் மடிக்கணினியொன்றைச் சுவர்க் கேபிளில் இணைத்துப் படிப்படியாகச் சோதித்தேன். ஃபுல் எச்.டி. 60 சட்டகத்தில், அதாவது 4.46 கிகாபிட்டில், குறையெதுவும் தோன்றவில்லை. முன்னைய தொலைக்காட்சி இத்தனை காலம் இதே கேபிளில் நன்றாக இயங்கியதற்கு விளக்கம் இதுவே. 4கே 30 சட்டகத்தில் வெண்புள்ளிகள் எப்போதாவது மின்னின. 60 சட்டகத்துக்கு மாற்றியதும் திரை கறுத்தது. அடுத்து, சான்றிதழ் முத்திரையுள்ள 2 மீற்றர் பிரீமியம் ஹை ஸ்பீட் கேபிளால் கொன்சோலைத் தொலைக்காட்சியின் அருகிலேயே வைத்து நேரடியாக இணைத்தபோது, அன்று மாலை பேரன் விளையாடி முடிக்கும்வரை திரை ஒருமுறையேனும் கறுக்கவில்லை. தொலைக்காட்சியின் மேலிருந்த பழி அத்துடன் நீங்கியது.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லாமல் கடக்க முடியாது. 1982இல் ரூபவாஹினி ஒளிபரப்பு தொடங்கிய காலத்தில் கூரையில் ஏறி அன்ரனாவைத் திருப்பிப் பழகிய தலைமுறைக்கு, சமிக்ஞை பலவீனமானால் படம் புள்ளி புள்ளியாக மங்கும் என்பது அனுபவ அறிவு. படம் தெளிவாக இருந்து திடீரென மறைந்தால் பெட்டிக்குள் ஏதோ அறுந்துவிட்டது என்றே அவர்கள் நினைப்பார்கள்; அனலொக் காலத்தில் அது நியாயமான எண்ணமுங்கூட. டிஜிட்டல் இணைப்பு அப்படி மெல்ல மெல்ல நலிவதில்லை. மெல்லிய செம்புக் கம்பியில் தூரமும் அதிர்வெண்ணும் கூடக் கூடச் சமிக்ஞை தேய்கிறது. பெறும் கருவி ஒன்றையும் சுழியத்தையும் பிரித்தறியக்கூடியவரை படத்தில் குறையே தெரியாது. எல்லையை நெருங்கும்போது சிதறிய வெண்புள்ளிகள். எல்லையைக் கடந்தால் இருள். கேபிள் படத்தை மங்கலாக்கவோ நிறத்தை வெளிறச் செய்யவோ இல்லை என்பதால் அதன்மேல் எவருக்கும் ஐயம் எழவில்லை. வெண்புள்ளிகளே அதற்கான முன்னறிவிப்பாக இருந்தன.

ஸ்ட்ரீமிங் பெட்டியின் கதை சுருக்கமானது. அது ரிசீவரின் ஊடாக 1080பி, அதாவது ஃபுல் எச்.டி., படத்தை மட்டுமே தந்தது. 4கே படங்களைத் தரும் சேவைகள், வழியிலுள்ள ஒவ்வொரு கருவியும் நகலெடுப்பைத் தடுக்கும் எச்.டி.சி.பி. 2.2 எனும் பாதுகாப்பு முறையை ஏற்பதை எதிர்பார்க்கின்றன. 2012இன் ரிசீவரில் அது இல்லை. எந்தக் கேபிளை மாற்றினாலும் இக்குறை தீராது.

பாதையை மாற்றுதல்

வீட்டுக்காரர் முன் இரண்டு யோசனைகள் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தன. ஒன்று, புதிய ரிசீவர். மற்றது, சுவரை உடைத்து ஒளியியல் நாராலான நீண்ட எச்.டி.எம்.ஐ. கேபிளொன்றைப் புதைப்பது. இரண்டாவது நல்ல தொழில்நுட்பமே; 10 மீற்றருக்கு 18 கிகாபிட் தேவைப்பட்டால் நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் அந்தக் கேபிளுக்கு அனுப்பும் முனை, பெறும் முனை என்று திசையுண்டு. மாற்றிச் செருகினால் இயங்காது. கூர்மையாக மடிக்கவும் கூடாது. இவற்றுக்கும் மேலாக, தொடர்மாடியில் சுவரை உடைக்க நிர்வாகத்தின் அனுமதி பெற வேண்டும். தூசும் பூச்சும் நிறப்பூச்சும் வேறு.

மாறாக, கனமான சுமையைக் குறுகிய கேபிளுக்கும் இலேசான சுமையை நீண்ட கேபிளுக்கும் கொடுத்தால் எதையும் உடைக்க வேண்டியதில்லை. கொன்சோலையும் ஸ்ட்ரீமிங் பெட்டியையும் அலுமாரியிலிருந்து எடுத்துத் தொலைக்காட்சியின் கீழே வைத்தோம். இரண்டும் 2 மீற்றர் கேபிள்களால் நேரடியாகத் தொலைக்காட்சிக்குச் சென்றன. 18 கிகாபிட் சுமை அந்த 2 மீற்றருக்குள் முடிந்துவிட்டது. அதிநவீன பாதுகாப்பு முறை பற்றியும் சட்டக எண்ணிக்கை பற்றியும் ரிசீவரிடம் இனிக் கேட்க எதுவுமில்லை, ஏனெனில் படம் அதன் ஊடாகப் போவதேயில்லை. சுவருக்குள் இருக்கும் 10 மீற்றர் கேபிளுக்கு இப்போது உரிய வேலை, தொலைக்காட்சியிலிருந்து சத்தத்தைத் திருப்பி ரிசீவருக்குக் கொண்டுவருவது.

இதற்கு உதவுவது, 2009இல் வெளிவந்த 1.4 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஏ.ஆர்.சி. என்னும் திரும்பு ஒலிப்பாதை. படம் செல்லும் அதே கேபிளின் வேறு இரு தொடுகைகள் வழியே, படத்துக்கு எதிர்த்திசையில் இந்தச் சத்தம் பயணிக்கிறது. அது கேட்கும் தரவு மிகக் குறைவு. 4கே படத்தைச் சுமக்க முடியாமல் வீழ்ந்த கேபிள் இந்த வேலையை எந்தத் தடுமாற்றமுமின்றிச் செய்தது. 1.4 பதிப்பைச் சேர்ந்த இந்த 2012இன் ரிசீவரிலும் அந்த வசதி ஏற்கெனவே இருந்தது. இத்தனை ஆண்டுகளாக யாரும் அதை இயக்கவில்லை, அவ்வளவே.

இயக்குவதில்தான் பலர் இடறுகிறார்கள். தொலைக்காட்சியின் நான்கு எச்.டி.எம்.ஐ. துளைகளில் ஒன்றில் மட்டுமே ஏ.ஆர்.சி. என்று அச்சிடப்பட்டிருக்கும், இந்தப் பெட்டியில் அது இரண்டாவது துளை, சுவர்க் கேபிளோ முதலாவதில் செருகப்பட்டிருந்தது. ரிசீவரின் பக்கத்திலும் அவுட் என்று குறிக்கப்பட்ட துளையிலேயே அது இருக்க வேண்டும். அடுத்து, ரிசீவரின் அமைப்புகளில் எச்.டி.எம்.ஐ. கட்டுப்பாடு என்பதை இயக்க வேண்டும். பழைய ரிசீவர்கள் பலவற்றில் அது முடக்கப்பட்டிருந்தால் ஏ.ஆர்.சி.யும் இயங்காது. இறுதியாக, தொலைக்காட்சியின் டிஜிட்டல் ஒலி வெளியீடு பி.சி.எம்., அதாவது சுருக்கப்படாத ஒலி, என்ற நிலையில் இருந்ததை, பல தடங்களைச் சுருக்கி அனுப்பும் டொல்பி டிஜிட்டல் என்று மாற்றினோம். ஐந்து ஸ்பீக்கர்களில் மூன்று ஊமையாக இருந்ததற்குக் காரணம் இந்தக் கடைசி அமைப்புத்தான். பி.சி.எம். நிலையில் ஒப்டிகலோ ஏ.ஆர்.சி.யோ இரு தடங்களை மட்டுமே கடத்தும். ஐந்து தடங்களும் சப்வூஃபர் தடமும் சுருக்கப்பட்ட வடிவில் போனால்தான் அந்தப் பாதைக்குள் அடங்கும்.

அப்படியானால் அமைப்பை மட்டும் மாற்றிவிட்டு ஒப்டிகல் கேபிளையே வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். கொள்கையளவில் சரி. ஆனால் பிளாஸ்டிக் நாரில் சிவப்பு ஒளியை அனுப்பும் அந்தக் கேபிள் 5 மீற்றருக்குள் இருப்பதே பாதுகாப்பானது. இங்கே அது அதன் இருமடங்கு தூரம், கம்பளத்துக்கு அடியில், கதிரைக் கால்கள் ஏறியிறங்கும் இடத்தில் கிடந்தது. ஒரு மடிப்பில் நார் வெண்மையாகிப் போயிருந்ததைக் கண்ணாலேயே காண முடிந்தது. அதை எடுத்துவிட்டோம். ஏ.ஆர்.சி. இணைப்பினால் தொலைக்காட்சியின் ரிமோட்டிலேயே ரிசீவரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்ததும், ஆசிரியரின் மனைவி, "இனி ரெண்டு ரிமோட் தேடத் தேவையில்லை" என்று அதைத்தான் முதலில் பாராட்டினார்.

பின்னர் தொலைக்காட்சியின் பட்டியலுக்குள் சென்று, கொன்சோல் இணைந்துள்ள துளைக்கு உயர்தரச் சமிக்ஞை அமைப்பை இயக்கினோம். இதன் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பெரும்பாலும் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக இயக்க வேண்டியிருக்கும். இதை இயக்காமல் விட்டால் எவ்வளவு நல்ல கேபிளும் பயன் தராது.

இரைச்சலும் முந்திவரும் குரலும்

செட்டொப் பெட்டியில் கேட்ட இரைச்சல் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் ஓசை. பெட்டியின் பின்னாலிருந்த கோஅக்ஸ் முனையைக் கழற்றியவுடன் இரைச்சல் நின்றது. மீண்டும் பூட்டி, ஆர்.சி.ஏ. கேபிளைக் கழற்றியபோதும் நின்றது. இரண்டும் சேர்ந்திருக்கும்போது மட்டுமே வருவது, புவித்தொடுப்பில் வளையம் ஏற்பட்டிருப்பதன் அடையாளம். மொட்டைமாடியில் டிஷ் பூட்டப்பட்ட இரும்புத்தூணின் வழியே கோஅக்ஸின் உலோக வெளியுறை கட்டடத்தோடு ஒருமுறை தொடுகிறது. ரிசீவரின் மூன்று முள் பிளக் வழியே மறுமுறை தொடுகிறது. இரு இடங்களுக்கும் இடையிலான சிறு மின்னழுத்த வேறுபாடு, ஆர்.சி.ஏ. கேபிளின் உறையில் மின்னோட்டமாக ஓடி, அந்தக் கேபிள் சுமக்கும் அனலொக் ஒலியோடு கலந்துவிடுகிறது.

இந்த இரைச்சலை நிறுத்துவதற்காகப் பிளக்கின் புவித்தொடுப்பு முள்ளைக் கழற்றிவிடுவதும், இருமுள் பிளக்கைப் பேனா முனையால் துளை திறந்து மூன்று துளைச் சொக்கெட்டில் திணிப்பதும் நமது வீடுகளில் சாதாரணமாகிவிட்டன. இரைச்சல் நிற்கும் என்பது உண்மை. கருவிக்குள் மின்னொழுக்கு ஏற்பட்டால் உலோக உறையைத் தொடும் குழந்தையின் உயிருக்கு அதன்பின் காவல் இல்லை என்பதும் உண்மை. எந்தச் சூழ்நிலையிலும் அதைச் செய்ய வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கோஅக்ஸ் வழியில் மின்தொடர்பைத் துண்டிக்கும் சிறு கருவியொன்றை மாட்டும் யோசனையும் இங்கே பொருந்தாது. டிஷ்ஷின் முகப்பில் சமிக்ஞையை வாங்கும் எல்.என்.பி. என்னும் கருவிக்கு 13 அல்லது 18 வோல்ற்று மின்சாரம் அதே கோஅக்ஸ் வழியாகத்தான் மேலே போகிறது. அதைத் துண்டித்தால் படமே வராது.

தீர்வு, ஆர்.சி.ஏ. கேபிளை அகற்றுவதே. செட்டொப் பெட்டியின் சத்தம் எச்.டி.எம்.ஐ. வழியாக ஏற்கெனவே தொலைக்காட்சியை அடைந்துகொண்டிருந்தது. இப்போது அங்கிருந்து ஏ.ஆர்.சி. வழியே ரிசீவருக்குத் திரும்புகிறது. உறையில் சிறிது மின்னோட்டம் இன்னும் ஓடினாலும், எண்களாகப் போகும் ஒலியில் அது இரைச்சலாக மாறுவதில்லை. குரல் உதட்டை முந்திய குறையும் அதே கேபிளோடு போய்விட்டது. தொலைக்காட்சி, படத்தைச் செப்பனிட்டுக் காட்டச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது, ஆர்.சி.ஏ. வழியே போன சத்தமோ காத்திராமல் ஸ்பீக்கரை அடைந்துவிட்டது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரையொன்றின்படி, சத்தம் படத்துக்கு 45 மில்லிசெக்கன் முந்தினாலே மனிதர் உணரத் தொடங்குவர்; பிந்தினால் 125 மில்லிசெக்கன் வரை உணர்வதில்லை. ஒலியைவிட ஒளி விரைந்து வரும் உலகில் வாழும் நமக்கு, முந்திவரும் குரலே பெரிதும் உறுத்துகிறது. இப்போது சத்தமும் தொலைக்காட்சியிலிருந்தே புறப்படுவதால், படத்தோடு அதை ஒத்திசைப்பது அந்தப் பெட்டியின் பொறுப்பாகிவிட்டது.

கலியாண டிவிடி

புதிய தொலைக்காட்சியில் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இல்லை, பதிலாக 3.5 மில்லிமீற்றர் துளையொன்று உண்டு. அதற்கென வரும் இணைப்பான் தொலைந்துபோக, கடையிலிருந்து வேறொன்றை வாங்கியிருந்தார்கள். நான்கு வளையங்கள் கொண்ட இந்தச் சிறு முனையில் எந்த வளையம் படத்துக்கு, எது புவித்தொடுப்புக்கு என்பதில் எல்லா நிறுவனங்களும் ஒரே ஒழுங்கைப் பின்பற்றுவதில்லை. ஆகவே படம் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, ஸ்பீக்கரில் மட்டும் கரகரப்பு. இவ்வாறான நிலையில் மஞ்சள் முனையைச் சிவப்புத் துளைக்கு மாற்றிப் பார்த்தால் சிலவேளை படம் வரும். ஆனால் இங்கே அதற்கும் அவசியம் இருக்கவில்லை. டிவிடி பிளேயரின் பின்னால் எச்.டி.எம்.ஐ. துளையொன்று, வாங்கிய நாளிலிருந்து மூடி கழற்றப்படாமலே இருந்தது.

கொன்சோலும் ஸ்ட்ரீமிங் பெட்டியும் போனதால் அலுமாரியில் ரிசீவரின் உள்வரும் துளைகள் வெறுமையாகியிருந்தன. டிவிடி பிளேயரை அங்கே மாற்றி, எச்.டி.எம்.ஐ. கேபிளால் ரிசீவருடன் இணைத்தோம். அதன் படம் 1080பி அளவுக்குப் பெருக்கப்பட்டாலும் சுமை 4.46 கிகாபிட்டைத் தாண்டாது. சுவர்க் கேபிள் அதைப் பல ஆண்டுகள் சுமந்து பழகியதுதான். மஞ்சள் கேபிளில் படத்தின் ஒளிர்வும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து போவதால், நெருக்கமான கோடுகள் உள்ள இடங்களில் இல்லாத நிறங்கள் ஊர்வதுண்டு. பழைய தொலைக்காட்சியில் மணமகளின் கூறைச் சேலைக் கரையில் எப்போதும் ஒரு வானவில் நெளிந்துகொண்டிருக்கும் என்று வீட்டார் சொன்னார்கள், எச்.டி.எம்.ஐ. வழியே பார்த்தபோது அது இல்லை. டிவிடியின் 576 கோடுகள் 55 அங்குலத் திரையில் மென்மையாகத்தான் தெரியும். அது வட்டின் இயல்பு. எந்தக் கேபிளும் அதைக் கூட்டித் தராது.

ஸ்பீக்கர் வயர்களும் கடற்காற்றும்

பின்புற ஸ்பீக்கர்கள் இரண்டும் பேசத் தொடங்கிய பின்னரே அவற்றின் குறை தெரிந்தது. ஒன்றில் சிவப்பும் கறுப்பும் மாறிப் பூட்டப்பட்டிருந்ததால் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று புரியாமல் சிதறியது. மாற்றிப் பூட்டியதும் சரியானது. வயர் மெல்லியதாகவும் இருந்தது. 0.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் 10 மீற்றர் தூரம், போக வரக் கணக்கிட்டால், 0.7 ஓம் அளவு தடையைத் தரும், 1.5 சதுர மில்லிமீற்றரில் அது 0.23 ஓம் ஆகக் குறையும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓமுக்குக் கீழே வைத்திருப்பது நல்லது என்பதால் தடித்த வயருக்கு மாற்றினோம். வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், அதே தடிப்புள்ள செம்பைவிட அதன் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

கடல் இத்தனை அருகில் இருக்கும் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் உப்புக்காற்று முனைகளை அரிப்பது கண்கூடு. பழைய ஆர்.சி.ஏ. முனைகள் பச்சை படர்ந்திருந்தன. தங்கமுலாம் பூசிய முனைகளுக்கு இங்கே பொருள் உண்டு, அவை அரிப்பைத் தாங்கும் என்பதற்காக மட்டும். படத்தை அழகாக்கும் என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். மொட்டைமாடியில் டிஷ்ஷோடு சேரும், கோஅக்ஸ் கேபிளின் நுனியிலுள்ள எஃப் முனைக்குள் ஈரம் இறங்கியிருந்ததால், அதை வெட்டிப் புதிதாகப் பூட்டி நீர்புகா நாடா சுற்றினோம்.

கேபிள் வாங்கும்போது

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பம்பலப்பிட்டியின் கணினிக் கடைகளிலும் தொங்கும் கேபிள்களின் உறைகளில் 2.0, 2.1, 8கே என்று எண்கள் பெரிதாக இருக்கும். எச்.டி.எம்.ஐ. உரிம விதிகளின்படி கேபிளுக்குப் பதிப்பு எண் இடுவதில்லை; அதற்குரியவை வகைப் பெயர்களே. 10.2 கிகாபிட் வரை ஹை ஸ்பீட், 18 வரை பிரீமியம் ஹை ஸ்பீட், 48 வரை அல்ட்ரா ஹை ஸ்பீட். பிந்திய இரண்டுக்கும் உறையில் கைப்பேசியால் வருடிச் சரிபார்க்கக்கூடிய சான்றிதழ் முத்திரை இருக்க வேண்டும். 4கே 60 சட்டகத்துக்குப் பிரீமியம் போதும். கொன்சோல் 120 சட்டகம் தருமானால், தொலைக்காட்சியும் அதை ஏற்குமானால், அல்ட்ரா வேண்டும். இவ்வீட்டுத் தொலைக்காட்சி 60 சட்டகத்தோடு நிற்பது என்பதால் அதற்குமேல் செலவிடச் சொல்லவில்லை. முத்திரையுள்ள 2 மீற்றர் கேபிள்கள் இரண்டும், டிவிடி பிளேயருக்குச் சாதாரண ஹை ஸ்பீட் ஒன்றும், ஸ்பீக்கர் வயரும், ஓர் எஃப் முனையும் மட்டுமே வாங்கப்பட்டன.

இந்த அமைப்பின் எல்லைகள்

ஏ.ஆர்.சி. பாதையில் சுருக்கப்படாத பல்தட ஒலி போகாது. ஆகவே கொன்சோலின் ஒலி அமைப்பு லீனியர் பி.சி.எம். என்றிருந்தால் விளையாட்டின் சத்தம் மீண்டும் இரண்டு ஸ்பீக்கர்களுக்குள் சுருங்கிவிடும். அதை டொல்பி என்று மாற்றி வைத்திருக்கிறோம். பேரன் கொன்சோலைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினால் இதை மீண்டும் செய்ய வேண்டியிருக்கும் என்று தாளிலும் எழுதிக் கொடுத்தேன்.

டிஷ்ஷின் கோஅக்ஸ் உறையைக் கட்டடத்தின் பிரதான புவித்தொடுப்போடு ஒரே இடத்தில் பிணைப்பது இன்னும் நிலுவையில் உள்ளது. இரைச்சல் போய்விட்டாலும், இடைப்பருவ மழைக்காலங்களின் பிற்பகல் இடியை எண்ணினால் இது அவசியமான வேலை. தகுதிபெற்ற மின்னியலாளரே அதைச் செய்ய வேண்டும். அதுவரை, இடி தொடங்கினால் மின்பிளக்கோடு கோஅக்ஸ் முனையையும் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். பிளக்கை மட்டும் கழற்றுவது போதாது. மின்பாய்ச்சல் கோஅக்ஸ் வழியாக வந்து, எச்.டி.எம்.ஐ. வழியாக அடுத்தடுத்த கருவிகளுக்கும் பரவக்கூடும்.

பின்னொரு நாள் குடும்பம், ஏ.ஆர்.சி.யின் மேம்பட்ட வடிவமான ஈ.ஏ.ஆர்.சி. வசதியுள்ள புதிய ரிசீவரையும் அதற்கேற்ற தொலைக்காட்சியையும் வாங்கினால், திரும்பும் ஒலிப்பாதையின் தேவை செக்கனுக்கு 37 மெகாபிட் வரை உயரும். அதற்கு ஈதர்நெட் வசதி கொண்ட எச்.டி.எம்.ஐ. கேபிள் தேவை. சுவருக்குள் இருப்பது அவ்வகையா என்பதை அதன் உறையில் அச்சிட்டிருப்பது காட்டவில்லை. வாங்குவதற்கு முன் ரிசீவரை வீட்டுக்குக் கொண்டுவந்து இந்தக் கேபிளிலேயே சோதித்துப் பார்க்கலாம். இயங்காவிட்டால், சுவரைத் திறக்கும்போது கேபிளை மீண்டும் சாந்துக்குள் புதைக்காமல், எச்.டி.எம்.ஐ. முனை தடையின்றி நுழையக்கூடிய ஒன்றரை அங்குலக் குழாயை, கூரிய முழங்கை வளைவுகள் இல்லாமல், உள்ளே இழுகயிறு ஒன்றையும் விட்டுப் பதிக்க வேண்டும்.